மாப்பிள்ளை போட்ட ரூஃப்

தெரியாத வேலையைத் தெரியும் என்று ஒரு மனிதன் சொல்வதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, வேலை வேண்டும். இன்னொன்று, பெண் வேண்டும். எனக்கு வேலை ஏற்கெனவே இருந்தது.

ஜாலான் புசாரில் கார் உதிரிபாகங்கள் விற்கும் கடையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. வயது இருபத்தைந்து. வெள்ளைச் சட்டை, தலை நிறைய எண்ணெய், சட்டைப் பையில் இரண்டு பேனா. (இரண்டாவது பேனா எழுதாது. அது கௌரவத்துக்காக வைத்திருந்தது.) பில் எழுதுவேன், கணக்குப் பார்ப்பேன், முதலாளி இல்லாத நேரத்தில் முதலாளி மாதிரி நடப்பேன். இவை தவிர இந்த உலகத்தில் எனக்கு எதுவும் செய்யத் தெரியாது.

எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சையது ஆல்வி சாலைப் பக்கம், அருளப்பன் என்பவர் குஷன் கடை வைத்திருந்தார். கார் சீட்டுக்கு உறை தைப்பதுதான் தொழில். ஆனால் அந்தச் சமயத்தில் காசுள்ளவர்களுக்கு ஒரு புதுக் கிறுக்குப் பிடித்திருந்தது. காரின் கூரைமேல் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் கறுப்பு வைனிலை ஒட்டிக்கொள்வார்கள். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் தொப்பி போட்டதுபோல எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் வெயில் சும்மா விடுமா? ஆறு மாதத்தில் வைனிலுக்கு அடியில் காற்று புகுந்து கூரை முழுக்கக் குமிழ் எழும்பிவிடும். அம்மை போட்ட கார் எத்தனையோ அப்போது சிராங்கூன் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அருளப்பன் போட்ட ரூஃப் மட்டும் குமிழாது. அதுதான் அவருடைய பெருமை, தொழில், பேச்சு எல்லாமே. "நம்ம ரூஃப்ல ஒரே ஒரு குமிழி காட்டுங்க, இந்த மீசைய எடுத்துடறேன்" என்று கடைக்கு வருகிறவரிடமெல்லாம் சவால் விடுவார். பெரிய மீசை. அதற்குத் தினமும் காலையில் கால் மணி நேரம் செலவழிப்பார் என்று கேள்வி.

அந்தக் கடையில் பின்வரிசைத் தையல் மெஷினில் உட்கார்ந்து ரூஃபுக்குத் தையல் போடுவது அவருடைய மகள் ஸ்டெல்லா. நான் பில் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது பார்த்தேன். பிறகு கொடுக்க வேண்டிய பில் இல்லாதபோதும் போனேன். எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பங்குக் கோயில் என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் பார்த்தேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று அந்த வருடம் முழுக்க யாராவது என்னைக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

என் அக்கா போய்ப் பெண் கேட்டாள். தாயில்லாத அந்த வீட்டில் எல்லாம் ஸ்டெல்லாவின் அத்தைதான். அருளப்பனுக்கு மூத்தவர், அவரையே "வாடா போடா" என்று பேசுகிறவர். அத்தைக்கு என்னைப் பிடித்துப்போனது. அன்றிலிருந்தே "மாப்பிள்ளை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அருளப்பனுக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல். "இன்னும் ஒண்ணும் முடிவாகலக்கா. மாப்பிள்ளை கீப்பிள்ளைன்னு சொல்லாதீங்க" என்று வெட்டிவிடுவார். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் என்னையே கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. கிராணி வேல நல்ல வேலதான். ஆனா எம்பொண்ணு கைவேல தெரிஞ்சவ. கையால ஒண்ணும் செய்யத் தெரியாதவனுக்குக் கட்டிக் குடுத்தா, நாள பின்ன அவதான் பல்பு மாத்தணும், அவதான் பைப்ப முடுக்கணும்."

(தீர்க்கதரிசி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது அவள்தான்.)

"எனக்கும் கைவேல தெரியும் ஐயா" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன தெரியும்?"

பதில் தேடி என் கண் கடையைச் சுற்றியது. சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு கார் படம் இருந்தது.

"சின்னக் கார் செய்வேன். மாடல் கார். அசல் மாதிரியே இருக்கும்."

"வைனில் ரூஃப் போட்டா?"

"ரூஃப் போடாம எப்படிங்கய்யா?" என்றேன், ஏதோ பரம்பரைத் தொழில்போல.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அருளப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படின்னா அடுத்த மாசம் முதல் வெள்ளிக்குள்ள ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. கஸ்டமருக்குக் காட்ட சாம்பிள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கேன். கண்ணாடி அலமாரில வெச்சிடலாம். ரூஃப் அசலா இருந்தா, மத்தத அப்புறம் பேசலாம்."

'மத்தது' என்றால் ஸ்டெல்லா. என் கல்யாணம் ஒரு பொம்மைக் காரின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கையில் இருந்தது மூன்று வாரம். என் அனுபவமோ ஒரே ஒரு பிளாஸ்டிக் விமானம். அதற்கும் இறக்கையைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன்.

நார்த் பிரிட்ஜ் சாலையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் அமெரிக்கக் கார் ஒன்று வாங்கினேன். ஒரு முழம்கூட இருக்காது. சாந்தர் ரோட்டில் நான் குடியிருந்த மாடி அறையில், கூட இருந்தவன் பக்கிரிசாமி. பஃபலோ ரோட்டு மளிகைக் கடையில் வேலை. அவன் கிண்டலுக்கு நடுவே ஐந்து நாளில் காரை ஒட்டி முடித்து வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். முன் கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை பசையோடு பதிந்துவிட்டது. அதைத் தவிரப் பெரிய குறை சொல்ல முடியாது.

பிறகு வந்தது கூரை. இதில் என்ன கஷ்டம், வைனில் ரூஃப் என்றால் வைனிலைத்தானே ஒட்ட வேண்டும் என்று குஷன் கடைக் குப்பைக்கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து வெட்டி ஒட்டினேன். கார் யானைத் தோல் போர்த்திக்கொண்டு நின்றது. அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கார் சின்னதானால், அதன்மேல் இருக்கும் சொரசொரப்பும் அதே கணக்கில் சின்னதாக வேண்டும். அசல் சாமானைப் போட்டால் அசலாக இருக்காது. (இந்தத் தத்துவத்தைப் பிற்காலத்தில் வேறு பல விஷயங்களுக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் வருகிறது.)

மெல்லிய காகிதத்தை ஒட்டி மேலே பெயிண்ட் அடித்தேன். சுருங்கிக் கிழவன் நெற்றி மாதிரி ஆனது. ஈரப் பெயிண்டின்மேல் முகப் பவுடரைத் தூவினேன். காருக்குப் பொடுகு வந்ததுதான் மிச்சம். காயத்துக்குக் கட்டும் துணியை ஒட்டிப் பார்த்தேன். பக்கிரிசாமி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்னடா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சா? தலைல கட்டுப் போட்டுருக்க?" என்றான். ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுத்து மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கூரை வேறு மெலிந்துகொண்டே வந்தது. இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததோடு சரி.

அன்று மத்தியானம் நல்ல மழை. ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டோம். மளிகைக் கடையில் உடைந்ததென்று ஒதுக்கியதைப் பக்கிரிசாமி கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்திருந்த அப்பளக் கட்டு நனைந்து போயிற்று. அதில் ஒன்று வழுக்கிப்போய்ப் பக்கத்திலிருந்த சோப்பு டப்பாவின்மேல் படிந்து, மறுநாள் அப்படியே காய்ந்திருந்தது. மூலை முடுக்கெல்லாம் பிடித்துக்கொண்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், மேலே பொடிப்பொடியாக மெல்லிய சொரசொரப்போடு. நான் அந்தச் சோப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். என் கல்யாணம் நிச்சயமானது என் மனத்தில் அந்த நிமிடம்தான்.

நல்ல அப்பளமாக ஒன்றைப் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றிவைத்தேன். துணிபோல வளைந்தது. அசல் ரூஃபில் முன்னிருந்து பின்னாகத் தையல் கோடு இரண்டு ஓடும். அதற்காகக் கூரையில் இரண்டு நூலை ஒட்டி, மேலே மைதாப் பசை தடவி, அப்பளத்தைப் போர்த்தி இழுத்து ஓரத்தை வெட்டினேன். ஈரம் காய்வதற்குள் நைஸ் உப்புத்தாளை வைத்து அழுத்தியதும் தோலின் வரி அப்படியே விழுந்தது. காய்ந்த பிறகு கறுப்பு ஷூ பாலிஷை இரண்டு தடவை போட்டுத் துணியால் துடைத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, அசல் தோற்றது. நூல் ஓடிய இடம் தையலாகவே தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு, விரலால் தடவினால் சொரசொரப்பு. பக்கிரிசாமிகூடக் கிட்டத்தில் வந்து தடவிப் பார்த்தான். பிறகு, "சாப்பிடற பொருளுக்கு ஷூ பாலிஷ் போடறியே, நீ உருப்படுவியாடா?" என்றான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷூ பெட்டிக்குள் பஞ்சு பரப்பிக் காரை வைத்துக்கொண்டு அருளப்பன் வீட்டுக்குப் போனேன். கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. அருளப்பன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நகத்தால் தையலைத் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மீசை லேசாக ஏறியது.

"இந்தத் தோல் வரி, கிரெய்ன், எப்படிப்பா இவ்வளவு பொடிசா வந்துச்சு? எங்க வாங்கின இந்த வைனில?"

"அது தொழில் ரகசியம் ஐயா."

"எங்கிட்டயேவா!" என்று சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டெல்லா காரைக் கையில் வாங்கினாள். கூரைமேல் எங்கிருந்தோ ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுண்டிவிட்டாள். பின்னாலேயே இன்னொன்று வந்தது. அவள் காரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பியதும், உதடு அசையாமல் கேட்டாள்.

"உளுந்தா, அரிசியா?"

"உளுந்து" என்றேன். அவள் காரை ஜாக்கிரதையாக மேசைமேல் வைத்துவிட்டு, தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காட்டிக்கொடுக்காமல் போனாளே, அதற்காகவே இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். கார் கண்ணாடி அலமாரிக்குள் போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியே இருந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எது வந்தாலும், அது பள்ளிக்கூடப் புத்தகமாக இருந்தாலும் சரி, கத்தரிக்கோலாக இருந்தாலும் சரி, முதலில் இருதய ஆண்டவர் பீடத்தில் வைத்து ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள். அன்று முதல் வெள்ளி வேறு. கோயில்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கார பீடத்துல வைடா. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் அத்தை. அருளப்பன் பெருமையோடு கொண்டுபோய் மேல்படியில் வைத்தார். கீழ்ப்படியில் ஆறு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"அத்த, மெழுகுவர்த்திய அந்தப் பக்கம் தள்ளி வைக்கட்டுமா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"சும்மா இரு லா. மாப்பிள்ளை செஞ்ச கார் இருட்டுலயா நிக்கும்?" என்று சொல்லி, அத்தை இரண்டு மெழுகுவர்த்தியைக் காருக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்திவைத்தார். "மாப்பிள்ளை இல்லக்கா, இன்னும் ஒண்ணும் முடிவாகல" என்றார் அருளப்பன் வழக்கம்போல.

முழந்தாளிட்டோம். ஸ்டெல்லாதான் ஜெபம் நடத்தினாள். ஜெபமாலையின் முதல் பத்து மணி நல்லபடியாகப் போனது. இரண்டாவதில் ஷூ பாலிஷ் வாசனை லேசாக வந்தது. மூன்றாவது பத்தில், அதாவது மூன்றாவது தேவ இரகசியத்தின் நடுவில், ஒற்றைக் கண்ணைத் திறந்து காரைப் பார்த்தேன். கூரையின் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு குமிழ் எழும்பியிருந்தது.

சின்னக் குமிழ்தான். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஐந்தாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க, 'பட்' என்று மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டு ஆறாவதும் எழும்பியது. அப்பளம் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அது பிறந்ததே அதற்குத்தானே.

ஸ்டெல்லாவும் பார்த்துவிட்டாள். அவள் குரல் வேகமெடுத்தது. மங்கள வார்த்தை ஜெபத்தை அத்தனை வேகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஜனங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்தாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் காரைத் தூக்கிவிடலாம் என்று அவள் கணக்கு. பின்னாலிருந்தவர்கள் மூச்சிரைக்கத் துரத்தினார்கள். நாலாவது பத்து வந்துவிட்டது, ஜெபமாலையில் இன்னும் பதினேழு மணி பாக்கி. நான் என் வாழ்க்கையில் மனம் உருகி ஜெபம் செய்தது அந்தப் பதினேழு மணிக்குத்தான்.

அதற்குள் வாசனை கிளம்பிவிட்டது. சுட்ட அப்பளத்தின் வாசனை, பெருங்காயத்தோடு. வெள்ளிக்கிழமை ஒருசந்தியோடு காலையிலிருந்து பட்டினியாக இருந்த பக்த ஜனங்களிடையே ஒரு சலசலப்பு ஏற்பட்டது. யாருடைய வயிறோ சத்தம் போட்டது. அத்தை மணியைக் கையில் உருட்டிக்கொண்டே, "யாரு வீட்லயோ அப்பளம் சுடறாங்க" என்று ஜெபத்துக்கு நடுவே ரசித்துச் சொன்னார்.

அப்போது ஷூ பாலிஷ் பற்றிக்கொண்டது.

பெரிய தீ இல்லை. நீலமாக ஒரு ஜுவாலை கூரைமேல் ஓடியது, அவ்வளவுதான். ஆனால் பீடத்தில் கார் எரிந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் எழுந்திருக்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஸ்டெல்லா மட்டும், ஜெபமாலையைக் கையிலிருந்து விடாமல், பூச்சாடியை எடுத்துத் தண்ணீரைக் காரின்மேல் கவிழ்த்தாள். தீ அணைந்தது. காரின் தலையில் மூன்று சாமந்திப் பூ.

எல்லோரும் கிட்டத்தில் வந்து பார்த்தார்கள். வெள்ளைக் கார் ஒரு பக்கம் உருகி, கூரை முழுக்கக் குமிழ். சிராங்கூன் சாலையில் எந்தக் காரிலும் பார்க்க முடியாத அத்தனை குமிழ். அத்தை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். பார்வை மீசையில் போய் நின்றது.

"அருளப்பா, ரூஃப் குமிழிடுச்சேடா!"

கூட்டத்தில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். கூட்டம் முழுவதும் அவர் மீசையைப் பார்த்தது. அருளப்பனின் முகம் சிவந்தது. கை தன்னையறியாமல் மீசைக்குப் போயிற்று. காலமெல்லாம் கட்டிக் காப்பாற்றிய பெயர் அவருடைய சொந்தப் பீடத்தில் வைத்துப் போகிறது. அந்தப் பதற்றத்தில் என்னை நோக்கிக் கை நீட்டிக் கத்தினார்.

"என் ரூஃப் இல்லக்கா இது! மாப்பிள்ளை போட்ட ரூஃப்!"

  அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?"

"நான் இல்ல... அந்தத் தம்பி..."

"மாப்பிள்ளைன்னு சொன்ன. முதல் வெள்ளி, பீடத்துக்கு முன்னால, இத்தன பேர் கேக்கச் சொன்ன. இனிமே மாத்திப் பேசின, நான் உங்கிட்ட பேசமாட்டேன். ஆண்டவரும் பேசமாட்டாரு."

அருளப்பன் என்னைப் பார்த்தார். முழந்தாளிலேயே இருந்த நான் அவரைப் பார்த்தேன். அவர் காரை எடுத்து, கூரையில் ஒரு துண்டைப் பிய்த்து மோந்து பார்த்தார்.

"அப்பளமா?"

"உளுந்து அப்பளம் ஐயா" என்றேன், எந்த அப்பளம் என்பதுதான் அங்கே பிரச்சினை என்பதுபோல.

"எதுல ஒட்டின?"

"மைதாப் பசை."

அவர் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர் அல்லவா, கோபத்திலும் கண் ஓரத்துக்குத்தான் போகிறது. "ஓரம் தூக்கல" என்றார் மெதுவாக. "நடுவுலதான் எழும்பியிருக்கு. ஓரம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு." பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "பாக்கி ஜெபத்தச் சொல்லும்மா. மெதுவாச் சொல்லு" என்றார் மகளிடம். அவ்வளவுதான் எங்கள் நிச்சயதார்த்தம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. விருந்துப் பந்தியில் என் மாமாவாகிவிட்ட அருளப்பனே அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாப்பிள்ளைக்கு ரெண்டு ரூஃப்" என்று என் இலையில் வைத்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அவள் தலைப்பூவே அவிழ்ந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கார் குப்பைக்குப் போகவில்லை. மாமா அதைக் கண்ணாடி அலமாரியில், சொன்னபடியே, நடுத்தட்டில் வைத்தார். பக்கத்தில் தான் போட்ட ரூஃபின் துண்டு ஒன்று. கஸ்டமர் வந்தால் இரண்டையும் காட்டுவார். "இது நான் போட்ட ரூஃப். இது மாப்பிள்ளை போட்ட ரூஃப். ஒங்க காருக்கு எது வேணும், நீங்களே சொல்லுங்க." வியாபாரம் நன்றாக நடந்தது. நான் கடைக்குள் வந்தால் மட்டும் பசை டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். கடைசிவரை மீசையும் அப்படியே இருந்தது.

இப்போது அந்தக் கார் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், டிவிக்குப் பக்கத்தில், பீடத்திலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பளத்துக்கு ரூஃப் என்றுதான் பெயர். பேரப்பிள்ளைகளில் ஒருத்தி பள்ளிக்கூடத் தமிழ்த் தேர்விலேயே அப்படி எழுதிவிட்டாள் என்பது தனிக் கதை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய பேரன் ஒரு பெண்ணைச் சாப்பிடக் கூட்டிவந்தான். துவாஸில் அவனோடு கூட வேலை பார்க்கிறாளாம். "ஜஸ்ட் ஃப்ரெண்ட் தாத்தா, நீங்க ஒண்ணும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று வாசலிலேயே என் காதில் எச்சரித்தான். சரி என்று நானும் பேசாமல் இருந்தேன். அடக்கமான பெண். சாம்பார் வந்தது, பொரியல் வந்தது. ஸ்டெல்லா தட்டில் அப்பளத்தைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் பக்கம் நீட்டினாள்.

அந்தப் பெண் ஒன்றை எடுத்தாள். ஓரக்கண்ணால் டிவிக்குப் பக்கத்தில் இருந்த காரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, இது உளுந்தா, அரிசியா?" என்று கேட்டாள்.

பேரன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அப்பளத் தட்டை வாங்கி, இரண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டு ரூஃப்" என்றேன்.